அண்ணி சொன்ன ஆமென்

அண்ணி ஜெபம் பண்ண எழுந்தால் பிரியாணி ஆறிவிடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெங்களூர் மர்பி டவுனில் அண்ணனுடைய சின்ன வீடு. கிறிஸ்துமஸ் மதியம் கூடத்தில் பாய் விரித்து, சட்டியை நடுவில் வைத்து, நாங்கள் கண்ணை மூடுவோம். அண்ணி உலகத்தின் சமாதானத்தில் தொடங்கி, ஆஸ்பத்திரிகளில் கிடப்பவர்கள், எல்லையில் காவல் நிற்பவர்கள், தெருமுனையில் ஊறவைத்த பயத்தம்பருப்புக் கோஸம்பரி விற்கும் கன்னடத்து அம்மாவின் முழங்கால் வலி வரைக்கும் வந்து சேர்வார். அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். சபையின் பெண்கள் கூட்டத்திலும் அண்ணியைத்தான் ஜெபிக்கச் சொல்வார்கள். அவருக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் பீன்யாவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலை நேரத்திலேயே மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து, மூக்கில் குழாயோடு வீடு திரும்பியவருக்குப் பேச்சு இல்லை. கண் திறந்திருக்கும்; எங்களை அடையாளம் தெரிகிறதா என்று எங்களுக்குத் தெரியாது. அவர்களுடைய ஒரே மகள் அப்போது நர்சிங் படிப்பில் ஹாஸ்டலில் இருந்தாள். மாடி அறையில் தனியாகக் குடியிருந்த நான் வேலை முடிந்து வந்ததும் கீழே இறங்கிவிடுவேன். நானும் அண்ணியும் சேர்ந்துதான் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, பவுடர் போடுவோம்.

பார்க்க வந்தவர்கள் நிறையப் பேசினார்கள். விசுவாசம் இருந்தால் எழுந்து நடப்பார் என்றார்கள் சிலர். மனம் திறந்து அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார் ஒரு அம்மாள். அண்ணி அவருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். அவர் போன பிறகு, "அந்தக் கதவச் சாத்து பாப்பா" என்று மட்டும் சொன்னார். பாஸ்டர் வந்த அன்று, வழக்கம்போல "நீங்களே ஜெபிங்கம்மா" என்றார். அண்ணி முழங்காலில் நின்றார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். பாஸ்டர் தாமாகவே சுருக்கமாக ஜெபித்து முடித்து, எதுவும் கேட்காமல் கிளம்பிப் போனார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அண்ணி ஜெபிக்கவே இல்லை. ஆனால் ஞாயிறு தவறாமல், என்னை அண்ணனுக்குக் காவல் வைத்துவிட்டு, கோயிலுக்குப் போய் உட்கார்ந்து வருவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"கர்த்தர்மேல கோவமா அண்ணி?"

"கோவம்தான். கோவம் வந்தா வீட்ட விட்டுப் போயிடுவாங்களா? இங்கதான் இருக்கேன்னு அவருக்கும் தெரியணும்ல."

அண்ணனின் வாயை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே பேசினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு வாய் வரமாட்டேங்குது பாப்பா. நீ சொல்லு. நான் ஆமென் போடறேன்" என்றார்.

நான் சத்தமாக ஜெபித்துப் பழக்கமில்லாதவள். உள்ளுக்குள் எனக்கே ஆயிரம் சந்தேகம். தட்டுத்தடுமாறி, "ஆண்டவரே, அண்ணனுக்கு இன்னைக்கு ஜுரம் இல்ல. ஸ்தோத்திரம்" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அண்ணி "ஆமென்" என்றார். கிணற்றில் குடம் இறங்கி நிறைகிற சத்தம்போல இருந்தது அது. என்னுடைய அரைகுறை வாக்கியம் அந்த ஒரு சொல்லால் ஜெபமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் இதுவே வழக்கமானது. தூக்கம் வரவேண்டும், புண் ஆறவேண்டும், நாளைக்குத் தண்ணீர் வரவேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அண்ணி ஆமென் போடுவார். ஒருமுறை அண்ணனின் சுண்டுவிரல் அசைந்ததாகச் சொன்னார். நான் பார்க்கவில்லை. அது தானாக நடக்கும் அசைவுதான் என்றார் டாக்டர். "டாக்டருக்குத் தெரிஞ்சத அவர் சொல்றாரு" என்று அண்ணி அந்த விரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வருட மழைக்காலத்தில் ஒரு காலையில் அண்ணன் போய்விட்டார். கல்லறையில் பெட்டியை இறக்கும் முன் பாஸ்டர் எங்களைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் அண்ணி ஈர மண்ணில் ஓரடி முன்னால் போய் நின்றார்.

"ஆண்டவரே, இவர எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்டீர். எனக்கு அதுல சம்மதமில்ல. ஆனா உம்மகிட்ட குடுக்காம வேற யார்கிட்ட குடுப்பேன். பத்திரமா வச்சிரும். நான் வந்து வாங்கிக்கிறேன்."

அவ்வளவுதான். ஆமென் சொல்ல வேண்டியது நான். அழுகையில் எனக்குக் குரலே எழவில்லை. மகள்தான் சொன்னாள்.

மகள் இப்போது ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்கென்று போன அண்ணி, பேரனைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். கீழ் வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது. மாலையில் அவர்கள் வீட்டு டிவி சத்தம் மாடிக்குக் கேட்கும். கூட ஒரு குரல் இல்லாமல் நான் சொல்லும் ஜெபம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கோயிலில் இத்தனை பேர் சேர்ந்து ஆமென் சொல்லும்போதும் என் காது அந்த ஒரு குரலைத்தான் தேடுகிறது.

போன வாரம் போனில் பேசினோம். பேரனுக்கு ரசம் பிடித்திருக்கிறதாம். வெளியே பனியாம்.

"கோயிலுக்குப் போறீங்களா அண்ணி?"

"போகாம? மகளுக்கு டியூட்டி இருந்தாலும் நான் நடந்தே போயிடுவேன். அவங்க பாஷையில பாஸ்டர் என்ன ஜெபிக்கிறாருன்னு ஒரு வார்த்தை புரியல பாப்பா. ஆமென் மட்டும் புரியுது. யார் யாருக்கு என்ன கஷ்டமோ, பாவம். அந்த ஒரு வார்த்தைய நல்லா சத்தமா சொல்லிடறேன்."