ஓர நிரை

அறுபதுகளின் தொடக்கத்தில், ஹட்டன் ஸ்டேஷனுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மலை விளிம்பில் இருந்த கடைசித் தேயிலைச் செடி வரிசையில், அந்த ஓர நிரையில் நின்றால், ரயில் புகைவிட்டு வருவதும் ஆட்கள் இறங்குவதும் கீழே தெரியும். அந்த நிரை எப்போதும் என்னோடு வேலைசெய்த மாரியாயிக்குத்தான். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காலை, ஆளுக்கு நிரை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கங்காணியிடம் சண்டை போட்டேன்.

"அது காத்தடிக்கிற நெர, கொழுந்தே இருக்காது. அந்தப் புள்ளயாத்தான் கேட்டு வாங்குது. வேணும்னா நீ நின்னு பாரு" என்றார்.

நின்றேன். கூடை பாதிகூட நிறையவில்லை. ஆனாலும் ரயிலை ஆசைதீரப் பார்த்தேன். அது கிளம்பிப் போனதும் பக்கத்து நிரையிலிருந்து மாரியாயி மெதுவாகக் கேட்டாள்:

"செவப்புத் தலப்பா கட்டி யாராச்சும் எறங்குனாங்களா அக்கா?"

கொழும்புக்கு வேலைக்குப் போன அவள் புருஷன் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்லடி" என்றேன்.

மறுநாள் நிரையைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று மாலை என் வீட்டுக்காரர் வழக்கம்போல வேலை முடிந்து வந்தார். அவர் வருகிறாரா என்று நான் ஒருநாளும் வாசலைப் பார்த்ததில்லை. மாரியாயிமேல் எனக்கு முன்பைவிடப் பொறாமையாக இருந்தது.