பெயரில்லாத நோயாளி

இந்நாட்டில் இருட்டில் நின்று பேசுகிறார்கள். எடின்பரோவில் நான் பயிலும் மருத்துவக் கல்லூரியில், பேச எழுபவர் முதலில் விளக்கை அணைக்கச் சொல்கிறார். வெண்திரையில் ஸ்லைடுப் படம் விழுகிறது. அவர் சபைக்கு முதுகைக் காட்டி, நீண்ட கோலால் படத்தைத் தொட்டுத் தொட்டு, கண்டதை மட்டும் சொல்லி அமர்ந்துவிடுகிறார். அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, கைதட்டலும் இல்லை. திருப்பத்தூர் மேடைகளில் எதிர்த்தரப்பைத் தலையெடுக்க விடாத எனக்கு, இது பேச்சாகவே படவில்லை.

ஆயினும் இந்தப் பேச்சில் தேறினாலன்றிக் காய்ச்சல் ஆராய்ச்சிக்கூடத்தில் இடமில்லை. அதற்காகவே கடல் கடந்தேன். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பள்ளியில் ஆசிரியராயிருந்த என் அண்ணனை மலைக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. அவன் நோயையே பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். ஒத்திகையில், "சபையோரே! மரணத்தின் கொடுங்கரங்கள்..." என்று ஆங்கிலத்தில் முழங்கியபோது பேராசிரியர் இடைமறித்தார்.

"யாருடைய கரங்கள்? வீக்கம் இருந்ததா?"

"உவமை, ஐயா."

"வெப்பமானி என்ன காட்டிற்று? அதைச் சொல்லும். நோயாளியின் பெயரையும் எடுத்துவிடும். இங்கே பெயர் சொல்லும் வழக்கமில்லை."

எடுத்துவிட்டேன். அன்றுமுதல் அண்ணன் வரத் தொடங்கினான். நூலகத்தில், டிராம் வண்டியில், பட்டப்பகலில், தோளுக்குப் பின்னாலிருந்து கேட்பான்: "இன்னாடா தம்பி, நோயாளியா நானு? நம்மப்பா ஆசையா வெச்ச பேர இன்னா பண்ண, கடல்ல போட்டுட்டியா?" உயிரோடிருந்தபோதும் இப்படித்தான் சீண்டுவான். நான் வாய்விட்டு மறுமொழி சொன்னால், எதிரிலிருக்கும் மாது வேறிடம் தேடிப் போய்விடுவாள்.

அன்று காய்ச்சலில் அவன் படுத்திருந்தது மலைக் கவுண்டர் ஒருவரின் வீட்டில். அடிவாரத்திலிருந்து ஏறிப்போன நான், வாசலில் நின்று அவன் பெயரை உரக்கச் சொல்லப் போனேன். கவுண்டரின் மனைவி பதறி ஓடிவந்தார். அந்த ஊரில் காய்ச்சல் கண்டவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தானே எழுந்து வாசலைத் தாண்டும்வரை அவன் வெறும் விருந்தாளி.

"பேரச் சொல்லாதீங்க சாமி. காய்ச்சல் காதுல வுழுந்தா ஆள அடையாளம் வெச்சிக்கும்."

"நாங்க ஏசு வேதக்காரங்கம்மா. இதெல்லாம் நம்பறதில்ல."

"உங்க வேதம் உங்க வூட்ல இருக்கட்டுங்க. இது எங்க வூடு."

உள்ளிருந்து அண்ணன் சிரித்தான்: "பெரிய பேச்சாளி! ஒரே வார்த்தையில உக்கார வெச்சிட்டாங்க பாத்தியா?" அவன் அந்த வாசலைத் தானே தாண்டவில்லை. நாங்கள்தான் தூக்கிவந்தோம்.

பேச்சு நாளில் விளக்கணைந்தது. திரையில் இரத்தத் துளி. வெப்பநிலையைச் சொன்னேன், குளிர் கண்ட வேளையைச் சொன்னேன். பின்பு, என்னையறியாமல், "மாலையில் விருந்தாளி நினைவிழந்தார்" என்று ஆங்கிலத்தில் என் நா சொல்லிற்று. இருளில் ஓரிருவர் சிரித்தார்கள்.

"நோயாளி என்று சொல்ல வேண்டும்," என்றார் பேராசிரியர் கனிவோடு. "எங்கள் மொழி போகப்போகப் பழகிவிடும்."

மொழிக்குறை என்று நினைத்துவிட்டார். இந்தச் சபையோரும் கவுண்டர் மனைவியும் ஒரே வழக்கத்தைத்தான் காக்கிறார்கள்; அந்த அம்மாள் மட்டும் அச்சத்தோடு காத்தார். "பிழைத்தாரா?" என்று ஒருவர் கேட்டார். "இல்லை" என்றேன். திருப்பத்தூரில் அரைமணி நேரம் சொல்லியிருப்பேன்.

விளக்கு வந்ததும் பேராசிரியர் கை குலுக்கினார். "அருமை. அந்த மனிதரை நீர் அறிந்தவர் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள்." இந்நாட்டில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. எங்கள் பக்கத்தில் பகைவன்கூட இப்படி ஏச மாட்டான். நன்றி சொன்னேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைக்கும்போது மற்றதை மூடக்கூடாது, இரண்டும் திறந்திருக்கவேண்டும் என்று கற்பிக்கிறார்கள். பழகிக்கொண்டேன். வலக்கண்ணில் இரத்தத் துளி. இடக்கண்ணில், மேசைக்கு அப்பால், ஒன்றும் பேசாமல் அண்ணன்.