மாப்பிள்ளையின் இடது கை

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடமாக இந்த விரல்கள் மாட்டின் காம்பைத்தான் பிடித்திருக்கின்றன. பேனாவைக் கொடுத்தால் அதையும் பிழியப் பார்க்கின்றன. எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

நான் மீனாட்சிபுரம் பக்கம் கறவைக்காரன். காலையில் ஒன்பது வீட்டு மாடுகள், சாயங்காலம் அதே ஒன்பது வீடு. என் வீட்டிலும் இரண்டு மாடு உண்டு. சொசைட்டியில் பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போதுகூட நான் யாரிடமும் பேசுவதில்லை. கோபமோ கர்வமோ இல்லை. பேச்சு தொண்டை வரை வரும், அங்கேயே நின்றுவிடும்.

என் மகள் மூணாறில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போன இடத்தில், எஸ்டேட் ஜீப் ஓட்டும் ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். தேவிகுளத்துக்குப் பக்கத்தில், எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு. கல்யாணத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையிடம் 'வாங்க', 'சாப்பிடுங்க', 'போயிட்டு வாங்க' என்ற மூன்றுக்கு மேல் எனக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் மகள் சொன்னாள், மாமாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறாராம். அதைக் கேட்ட பிறகு பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததாலோ என்னவோ, இருந்த மூன்றும் தடுமாற ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே ஒரு பேட்டரி ரம்பம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்தான் நீளம். முன்னால் ஒரு சாண் இரும்புப் பட்டை, அதைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி.

"எங்க ரோட்ல கிளை விழுந்தா இதை வச்சுத்தேன் மாமா எடுப்போம்" என்றார். "நீங்க வேலியில தழை வெட்டச் சிரமப்படுறீகன்னு ஒங்க மக சொல்லுச்சு. எனக்கு ஒண்ணு, ஒங்களுக்கு ஒண்ணு வாங்கிட்டேன்."

வாசலிலேயே செய்து காட்டினார். வேலியோரம் கிடந்த சீமைக்கொன்னைக் கிளை ஒன்றை இடது கையில் தூக்கிப் பிடித்தார். வலது கையில் ரம்பம். வெள்ளரிக்காய் நறுக்குவது போல நாலைந்து துண்டு விழுந்தது. நாங்கள் அரிவாளால் வெட்டுவதும் அப்படித்தான். இடது கை கிளையைப் பிடிக்கும், வலது கை போடும். அதனால் எனக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

"ஏனுங்க, தள்ளி நின்னு பாருங்க. மூஞ்சியவே உள்ள விட்டுருவீங்களாட்ட இருக்குது" என்றாள் என் மனைவி, கதவுக்கு அந்தப்புறம் இருந்தபடி.

"அம்புட்டுதேன் மாமா. புரிஞ்சுச்சா?"

"புரிஞ்சுதுங்க."

புரியவில்லை. ஆனால் மாப்பிள்ளையிடம் இன்னொரு தடவை காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகமும், தாளில் சுற்றிய ஏதோ ஒரு சாமானும் மிச்சம் கிடந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. நானும் பெட்டியை மூடிப் பரண்மேல் வைத்தேன்.

அவர் போன மறு வாரம், காலைக் கறவை முடிந்து வந்து வேலியோரம் உட்கார்ந்தேன். வெட்டிப் போட்ட கிளைகளைத் துண்டு போட வேண்டும். நான் எப்படி உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. குந்த வைத்து உட்கார்ந்து, கிளையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். கறக்கும்போது பால் போசியை, அந்தப் பாத்திரத்தை, இடுக்குவது போல. முப்பத்தைந்து வருடமாக எந்த வேலைக்குக் குந்தினாலும் என் கால்கள் தாமாகவே எதையாவது இடுக்கும்.

நாலு கிளை நன்றாகத்தான் வந்தது. ஐந்தாவதில் ரம்பப் பட்டையின் நுனி பின்னால் கிடந்த இன்னொரு கிளையில் போய் முட்டியது. முட்டியதும் ரம்பம் என் பக்கமாகத் துள்ளியது. நான் பிடியை விடுவதற்குள் சங்கிலி லுங்கியைக் கவ்விச் சுற்றிக்கொண்டு தானாகவே நின்றுவிட்டது. இடது முழங்காலின் உள்பக்கம் நாலு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. ஆழமில்லை. துணி சுற்றியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு, பேட்டரியைக்கூடக் கழற்றாமல், சங்கிலியிலிருந்து துணியை விரலால் பிடுங்கி எடுத்தேன். காயத்தைவிட அந்தப் பிடுங்கல்தான் இப்போது என்னை நடுங்க வைக்கிறது. பத்து விரலும் இருந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

மனைவியிடம் வேலிக் கம்பி கிழித்துவிட்டது என்றேன். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதும் அதையே சொன்னேன். சாயங்காலம் முதல் வீட்டில் போசியை இடுக்கியதும் உயிர் போய் வந்தது. என் உடம்பு சுருங்கியதை மாடு கண்டுகொண்டு காலை மாற்றிப் பாலை அடக்கிக்கொண்டது.

"ஏனுங்ணா, உங்க கைக்கு ஒரு நாளும் இப்படிப் பண்ணுனதில்லையே?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மா.

"ஈ கடிக்குதாட்ட இருக்குதுங்" என்றேன். அன்று நான் சொன்ன மூன்றாவது பொய் அது.

நாலு நாள் கழித்து ரம்பத்தின் சங்கிலி தொளதொளவென்று தொங்கியது. மீனாட்சிபுரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்ததுதான். பிறகு மூடியைத் திறந்தார். குறட்டால் பிடித்து ஒரு துணிப் பிசிறை இழுத்தார். நீலக் கட்டம் போட்ட துணி. அதைப் பார்த்தார், என் லுங்கியைப் பார்த்தார்.

"மரம் வெட்டுனீங்களா, துணி தச்சீங்களா?"

நான் லுங்கியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டேன்.

"எண்ணெய் என்ன விட்டீங்க?"

"தேங்கா எண்ணெய்ங்க."

"சரியாப் போச்சு. சீவக்காயும் போட்டுக் குளிக்க வெச்சிருக்கலாமே. இதுக்குன்னு எண்ணெய் இருக்குதுங்ணா, நான் தர்றேன். எங்க பட்டுச்சு?"

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். ஏற்கனவே கண்டுபிடித்துவிட்டவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. முழங்காலில் இடுக்கியதைச் சொன்னபோது சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இத வாங்கறவங்க எல்லாம் சின்னதுதானேன்னு அருவா மாதிரி ஒத்தக் கையில புடிக்கறாங்க. ஒரு கை ரம்பத்துல, ஒரு கை கெளையில. ரம்பம் துள்ளுச்சுன்னா அது நேராப் போறது அந்தக் கைக்குத்தான். பெட்டியில இன்னொரு கைப்பிடி இருந்திருக்குமே, அதென்ன ஆச்சு?"

பரண்மேல் தாளில் சுற்றிக் கிடப்பது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து அதை எடுத்து முன்பக்கம் திருகி மாட்டினேன். புத்தகத்தையும் திறந்தேன். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், ஆனால் பாதிக்கு மேல் படம். நான் செய்தது ஒவ்வொன்றையும் வரைந்து, மேலே சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். நுனியால் வெட்டுவது, தொங்கும் துணியோடு வெட்டுவது, பேட்டரி இருக்கும்போது சங்கிலியைத் தொடுவது. முழங்காலில் இடுக்குவது மட்டும் இல்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று வரைந்தவருக்குத் தோன்றியிருக்காது.

பக்கத்தைத் திருப்பியபோது ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. ஒரு ஆள் இடது கையில் கிளையைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் அறுக்கிறான். மேலே பெருக்கல் குறி. எங்கள் வாசலில் நின்று மாப்பிள்ளை காட்டியது அதேதான். அவர் ஜீப்பில் அந்த ரம்பம் எந்நேரமும் கிடக்கிறது. மழைக்காலம் வேறு.

அன்றைக்கே போன் செய்தேன். அவரே எடுத்தார்.

"நல்லா இருக்கீகளா மாமா?"

"இருக்கறனுங்க மாப்பிள்ளை."

"மிசினு ஓடுதா?"

"ஓடுதுங்க."

அதற்கு மேல் வரவில்லை. முதல் தடவையாக அந்த மனிதர் எனக்கென்று ஒன்று வாங்கி வந்திருக்கிறார். நீங்கள் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று எப்படிச் சொல்வது? எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சியாகிவிடாதா? போனை வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் கொஞ்ச நேரம் நின்றேன். சொன்னால் அவர் மனசு நோகும், சொல்லாவிட்டால் ஒரு நாள் அவர் கை போகும். ஒரு கையால் ஜீப் ஓட்ட முடியாது.

ஒன்பது வீட்டுக் கறவையையும் இரண்டு நாளைக்கு வேறொருவரிடம் ஒப்படைத்தேன். அப்படி நான் செய்தது மகள் கல்யாணத்துக்கு மட்டும்தான். பொள்ளாச்சி போய், உடுமலை போய், மறையூர் வழியாக மூணாறு பஸ் ஏறினேன். பையில் ரம்பமும் புத்தகமும். பேட்டரியைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

மகள் பயந்துவிட்டாள். "ஏப்பா, அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்று நாலு தடவை கேட்டாள். சும்மா பார்க்க வந்தேன் என்றால் நம்பும்படியாக இல்லை. அன்று ராத்திரி மாப்பிள்ளையும் நானும் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் குளிரைப் பற்றி மட்டும் பேசினேன்.

மறுநாள் காலை லயத்து வாசலில் விறகுக்கென்று போட்டிருந்த கிளைகளை வெட்ட அவர் ரம்பத்தை எடுத்தார். கழுத்தில் மப்ளர் தொங்கியது. இடது கையில் கிளையைத் தூக்கினார்.

நான் எழுந்துவிட்டேன். சொல் வரவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவர் முன்னால் போய் நின்று, மாப்பிள்ளை என்றும் பாராமல் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினேன். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

அவர் ரம்பத்தை நிறுத்தினார். "என்ன மாமா இது?"

"இதுதானுங்க. ரம்பம்."

"நான் குடுத்ததா?"

"ஆமாங்க. என்ற தப்புத்தான். காலுக்குள்ள இடுக்குனேன். ஆனா நீங்க புடிக்கறதும்..." அங்கே நின்றுவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டேன். "அந்த எடது கை அங்க இருக்கக் கூடாதுங்க மாப்பிள்ளை."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப நான் தப்பாச் சொல்லிக் குடுத்தேங்கிறீக."

பக்கத்து வீட்டு வாசல்களில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மகள் உள்ளிருந்து வந்து என் முழங்காலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஏப்பா, இதைச் சொல்லவா அவ்வளவு தூரம் வந்தே?" என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, "எங்கப்பா உங்ககிட்ட இவ்வளவு பேசிக் கேட்டிருக்கீங்களா? கேளுங்க" என்றாள்.

அவர் பேட்டரியைக் கழற்றி வாசல் திண்டில் வைத்தார். கோபம் போகவில்லை. "சரி, செஞ்சு காட்டுங்க" என்றார்.

நாலு பேர் முன்னால் நின்று எதையும் செய்து காட்டியவனில்லை நான். என் ரம்பத்தைப் பையிலிருந்து எடுத்தேன். சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். பட்டையை ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் கையால் தள்ளினால் ஓட வேண்டும். பாய் கொடுத்த எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். கிளையை இரண்டு விறகுக் கட்டைமேல் படுக்க வைத்து, வெட்டுகிற நுனி வெளியே தொங்கும்படி வைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து மகளிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் பேட்டரியைப் போட்டேன். இரண்டு கையும் ரம்பத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, நுனி எதிலும் படாமல் பட்டையின் நடுவால் அறுத்தேன். துண்டு விழுந்ததும் விசையை விட்டு, சங்கிலி முழுசாக நிற்கும் வரை அப்படியே நின்றேன். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாமல் செய்வது எனக்கு எளிது.

மாப்பிள்ளை உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. தாளில் சுற்றிய கைப்பிடியோடு வந்தார். மப்ளர் கழுத்தில் இல்லை. மாட்டும்போது என்னைப் பார்க்கவே இல்லை. பஸ் ஏற்றிவிடும் வரை சரியாகப் பேசவுமில்லை. "போயிட்டு வாங்க மாமா" என்றார், அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம், கெடுத்துவிட்டோமோ என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

போன மாதம் மழையில் சாயங்காலக் கறவைக்குக் கிளம்பும்போது போன் அடித்தது. மாப்பிள்ளை. பின்னால் காற்றும் ஆட்கள் சத்தமும் கேட்டது.

"மாமா, ரோட்ல ஒரு கிளை. ரம்பத்துப் பட்டை அதுக்குள்ள மாட்டிக்கிருச்சு. இழுத்தா வரல. என்ன செய்ய?"

"இழுக்காதீங்க. மொதல்ல பேட்டரியக் கழட்டுங்க."

"கழட்டிட்டேன்."

"கெளை கீழ அமுந்திதான் கவ்வுதுங்க. ரெண்டு பேர விட்டு அதைக் கொஞ்சம் மேல தூக்கச் சொல்லுங்க. தானா வரும்."

'தூக்கு, தூக்கு' என்று அவர் கத்துவது மழைக்குள் கேட்டது. "வந்துருச்சு மாமா" என்றார்.

"மாப்பிள்ளை, கை?"

"ரெண்டும் இருக்கு மாமா" என்றார். அவர் சிரித்தது எனக்குக் கேட்டது.

தை மாதம் 11, ஞாயிற்றுக்கிழமை.