ஞானிகளுக்கு மார்க் வைத்த பனியன் கம்பெனி

வாத்தியார் வேலை பார்த்தால் தொண்டை போகும் என்பார்கள். எனக்குப் போனது மணிக்கட்டு.

நான் கோயமுத்தூரில் எம்.ஏ. தத்துவம் படிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரில், என் அக்கா பொன்னுத்தாயி ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் பனியன் கம்பெனியின் பேக்கிங் ரூமில் வகுப்பு எடுக்கிறேன். அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளைப் போல அங்கே இன்னும் சிலர். மெஷின் சத்தம் இவர்களை ஒன்றும் செய்யாது என்று முதலாளி தேடித் தேடிச் சேர்த்தவர்கள். கையால்தான் பேசுவார்கள். அக்காவோடு சண்டை போட்டே நானும் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டேன்.

இடம் கொடுத்த முதலாளி ஒரு நிபந்தனையும் போட்டார். "ஆயுத பூசை வரைக்கும் நடத்துங்க அம்மிணி. அன்னிக்குப் படிச்சவங்க ஒருத்தரைக் கூட்டியாந்து, இது உருப்படியான காரியந்தானுன்னு சொல்ல வையுங்க. இல்லீன்னா ரூமுல நான் அட்டைப்பெட்டி அடுக்கோணுமுங்க."

கையால் பேசுகிறவர்கள் ஆளுக்கு ஓர் அடையாளம் வைத்துத்தான் பேர் சொல்வார்கள். முதலாளி என்றால் மூக்குப்பொடி. வாட்ச்மேன் என்றால் ஒற்றைப் பல். ஆகவே பாடத்தில் வரும் ஞானிகளுக்கும் பேர் தேவைப்பட்டது. சிந்தனையைப் பார்த்துப் பேர் வையுங்கள் என்று கெஞ்சினேன். பிறகு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். அந்தப் பெரியவர்களின் அச்சிட்ட பேர்களை நானும் எழுதப்போவதில்லை. ஆளைச் சொன்னால் உங்களுக்கே தெரியும்.

தலையில் தண்ணீர்

முதலில் கிரேக்க தேசத்தவர். போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டு, கடைசியில் விஷக் கிண்ணத்தை வாங்கிக் குடித்தாரே, அவர். அவருடைய மரணத்தை நான் நடித்தே காட்டினேன். அக்கா அழுதுவிட்டாள். நடுவில் பாடம் தொய்ந்துவிடக் கூடாதே என்று, அவர் மனைவி கோபத்தில் அவர் தலையில் தண்ணீரைக் கொட்டிய கதையையும் சொல்லித் தொலைத்தேன். வாத்தியார் வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, சுவைக்காக எதையும் சேர்க்காதீர்கள்!

அடுத்த வாரம் போனால், கட்டிங் பார்க்கும் செல்லமுத்து இரண்டு கையாலும் தன் தலையில் குடத்தைக் கவிழ்க்கிறார். அதுதான் பேராம். உண்மைக்காக உயிரை விட்டவருக்கு இதுவா பேர், ஒரு கிண்ணமாவது வைக்கக் கூடாதா என்று குதித்தேன். கல்யாணமாகிப் பல வருஷமான செல்லமுத்து நிதானமாகக் கையை அசைத்தார். அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "வெசத்தெ ஒரு நாளுதானுங்க குடிச்சாரு. அந்தம்மாகூடத் தெனமுமில்ல குடித்தனம் பண்ணுனாருங்க."

டூப்ளிகேட்

அடுத்தவர் ஜெர்மனியில் பிறந்து, லண்டனில் உட்கார்ந்து எழுதி, உலகத்து முதலாளிமார் தூக்கத்தைக் கெடுத்தவர். அவரைப் பற்றி ஒரு முதலாளியின் ரூமிலேயே பாடம் எடுத்த என் துணிச்சலையும் கவனியுங்கள். தாடி என்று பேர் வைக்க வழியில்லை. நான் கொண்டுபோகும் படங்களில் பாதிப் பேர் தாடிக்காரர்கள். கல்லூரி நூலகத்துப் புத்தகத்தில் அவர் மூக்கின் மேல் எவனோ மையைச் சிந்தி வைத்திருந்தான். அவ்வளவுதான். மூக்கு நுனியில் ஒரு விரல், பேர் ஆகிவிட்டது.

மை வேறு, மூக்கு வேறு என்று வாதாடிப் பார்த்தேன். நடக்கவில்லை. இன்னொரு புத்தகத்திலிருந்து சுத்தமான படம் தேடிக்கொண்டு வந்தேன். அதே தாடி, அதே கோட்டு. எங்கள் ஊரில் பனியன் வாங்குகிறவர் பெட்டியில் எழுத்தைப் பார்ப்பதில்லை. யானை இருக்கிறதா, சேவல் இருக்கிறதா என்று மார்க்கைத்தான் பார்ப்பார். அக்காவும் அப்படித்தான் படத்தை முன்னும் பின்னும் திருப்பினாள், வெளிச்சத்தில் சாய்த்தாள், மூக்கைச் சுரண்டினாள், என்னிடமே நீட்டிவிட்டாள். "மார்க் இல்லியே அம்மிணி. இது டூப்ளிகேட்டு."

ஒரே ஒரு வெற்றி

எதையும் நம்பாமல், தான் இருப்பதையே சந்தேகப்பட்டு, சந்தேகப்படுவதற்காவது ஓர் ஆள் வேண்டுமே என்று கண்டுபிடித்து நிம்மதியான பிரெஞ்சுக்காரர் ஒருவர் உண்டு. இவருக்கு என்ன கதி வருமோ என்று பயந்துகொண்டேதான் பாடம் நடத்தினேன். முடிந்ததும் அவர்கள் வைத்த பேரைப் பார்த்து அசந்துபோனேன். துணியை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நேரே விரித்து, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று செக்கிங்கில் பார்ப்பார்களே, அது!

மூக்கையும் முடியையும் விட்டுவிட்டு மனிதரின் எண்ணத்துக்கே பேர்! ஹாஸ்டலில் ஒரு வாரம் இதே பெருமை பேசித் தோழிகளைப் படுத்தி எடுத்தேன். மறு ஞாயிறு, இந்த அருமையான யோசனை எப்படி வந்தது என்று செல்லமுத்துவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் படத்தை எடுத்து, தோள் வரை தொங்கிய சுருட்டை முடியைத் தொட்டுக் காட்டினார். "நம்ம செக்கிங் மேஸ்திரி பழனிக்கு நேந்துக்கிட்டு முடி வளத்தறாரில்லீங்க? அச்சு அசல் அவரேதானுங்க."

ஆயுத பூசை

படித்தவர் ஒருவர் வேண்டுமென்றாரே முதலாளி. என் பேராசிரியரையே அழைத்து வந்தேன். எனக்கு வாய்மொழித் தேர்வு வைக்கப் போகிறவரும் அவர்தான். மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு, குங்குமம் அப்பியிருந்தார்கள். பேராசிரியருக்கு ஓர் ஓவர்லாக் மெஷினை ஒட்டி நாற்காலி. முதலாளி வரவேற்புரையை ஆரம்பித்தார். அவர் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்தார். பேராசிரியரின் கண் சொக்கியது, தலை ஆடியது, மெதுவாக மெஷின் மேல் சாய்ந்துவிட்டது.

கைதட்டலில் விழித்தவர், இதுவரை யார் யாரைப் படித்தார்கள் என்று நேராகக் கேள்விக்கு வந்தார். குடம் கவிழ்ந்தது, மூக்கில் விரல் போனது, துணி விரிந்தது. நான் விளக்க விளக்க அவர் முகம் சுண்டிக்கொண்டே போனது. "தத்துவத்தைக் கேலிக்கூத்தாக்கி வைத்திருக்கிறாயே, அம்மா" என்றார். முதலாளியின் பார்வை அட்டைப்பெட்டிகள் பக்கம் திரும்பியது. என் வகுப்பு போயிற்று என்று நினைத்தேன். அப்போது பேராசிரியருக்கு ஒரு சின்ன ஆசை வந்தது. "எனக்கும் ஏதாவது பேர் வைத்திருக்கிறார்களா?"

நான் கேட்டு முடிப்பதற்குள் அத்தனை தலையும் ஒன்றாகச் சாய்ந்து தோளில் விழுந்தது. என்ன சொல்வேன்? உண்மையைச் சொன்னால் வகுப்பும் போகும், என் மார்க்கும் போகும். ஆனால் விஷக் கிண்ணத்தை நடித்துக் காட்டிவிட்டுப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "தூங்கி விழுகிறவர், சார்" என்றேன்.

"நான் தூங்கவில்லை! யோசித்துக்கொண்டிருந்தேன்!"

அதையும் கையால் சொன்னேன். அக்கா விடவில்லை. "யோசிச்சவிங்க கன்னத்துல மெஷின் குங்குமம் எப்புடி வந்துச்சுன்னு கேளு அம்மிணி."

கேட்டேன். பேராசிரியர் கன்னத்தைத் தடவி, சிவந்த விரலைப் பார்த்தார். முதலாளி பொடி போடும் சாக்கில் துண்டால் வாயை மூடிக்கொண்டார். கடைசியில் பேராசிரியரே சிரித்துவிட்டார். "சரி, வேறு பேர் வைக்கச் சொல்." அதற்கு அக்கா, பேர் வாங்கியவர் கேட்டால் மாற்றுகிற வழக்கமில்லை, கூடப் பழகியவர்களுக்கு வேறு தோன்றினால்தான் மாற்றுவோம், வேண்டுமானால் ஞாயிறுதோறும் வந்து பழகச் சொல் என்றாள்.

அவரும் வாதத்துக்கு அஞ்சாதவர். எனக்கே பாடம் சொல்லிக் கொடுத்தவர் அல்லவா? "வகுப்பு நடக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்" என்றார். முதலாளி பணிவாகத் துண்டை இடுப்புக்கு இறக்கினார். "போட்டர்லாமுங்க. மெஷினை மட்டும் கொஞ்சம் அக்கட்டால தள்ளிப்போடறனுங்க."

பேரை மாற்றியே தீருவதென்ற வைராக்கியத்தோடு பேராசிரியர் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வருகிறார், வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கியும் விடுகிறார், ஆகவே வகுப்புக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.