பின்பக்க கேட்டும் இயற்கை உரிமையும்

மனித உரிமைகளின் தத்துவத்தை நான் பாதி புத்தகத்திலும் மீதியை எங்கள் லேஅவுட்டின் பின்பக்க இரும்பு கேட்டிலும் படித்தேன். புத்தகம் பரவாயில்லை. கேட் என் வீட்டு மதிலை ஒட்டியே இருக்கிறது.

அயனம்பாக்கத்தில் மனை போடுவதற்கு முன் இது வயல். இங்கே கூலிக்கு நாற்று நட்ட குடும்பங்கள் பின்னால் காலனியில் இருக்கின்றன. வரப்பு வழியாக மெயின் ரோட்டுக்கு நடந்தவர்கள், வரப்பு சிமென்ட் ரோடான பிறகும் நடந்தார்கள். போன வருடம் எங்கள் குடியிருப்போர் சங்கம் பாதுகாப்பு கருதிக் கேட்டைப் பூட்டியது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் கேமரா என்றார் செயலாளர்.

சில நாளில் காலனிப் பெண் ஒருத்தி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கம்பெனி வண்டி மெயின் ரோட்டில் வந்து ஏற்றிக்கொள்ளும்.

"இன்னாண்ணா இப்டி பண்ட்டீங்கோ? ஏரிக்கரைய சுத்திகினு போனா நாய் தொரத்துது. நேத்தும் வண்டிய உட்டுட்டேன். இன்னொரு வாட்டி உட்டா வேலைக்கே வராதன்ட்டான் சூப்பர்வைசரு."

"சங்கத்துல பேசறேம்மா."

"நீ பேசுவ. மொட்டமாடில நின்னுகினு போன்ல ஒரிமை ஒரிமைன்னு கத்துவியே, அத்த அங்க போய் கத்து."

கத்தினேன். அரசாங்கத்துக்கும் பத்திரப் பதிவுக்கும் முன்பே மனிதனுக்குச் சில உரிமைகள் இயற்கையாக உண்டு, நடப்பது அதில் ஒன்று என்றேன். "அந்த இயற்கைகிட்ட பட்டா இருக்கா சார்?" என்றார் செயலாளர். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் சிரித்தது. சமூகம் என்பதே ஓர் ஒப்பந்தம் என்று ஆரம்பித்தேன். அதில் காலனிக்காரர்கள் கையெழுத்து இருக்கிறதா என்றார். ஐரோப்பிய மேதைகளை வாட்டிய கேள்வி. ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கண்டுபிடித்துவிட்டார். குடிமை உரிமை என்றதும், "கோர்ட்டுக்குப் போகட்டும், யார் தடுத்தா?" என்றார்.

தத்துவமெல்லாம் தீர்ந்துபோய், "அவங்களும் மனுஷங்கதானே சார்" என்று முனகினேன். அதற்குத்தான் கூட்டம் இளகியது. முன்வரிசை அம்மாள் ஒருவர், "பாவம், சுடுகாடு மெயின் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கு. ஒரு சாவுன்னா எப்படித் தூக்கிண்டு போவா?" என்றார். மனிதாபிமான அடிப்படையில், பிணம் போகும்போது மட்டும் கேட்டைத் திறப்பது என்று ஒருமனதாக முடிவானது. பலத்த கைதட்டல். என் கையும் தட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். உரிமை பிறப்போடு வருகிறது என்று நம்பியிருந்த ஆள் நான்.

காலனிப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். "அப்போ செத்தாதான் தொறப்பீங்கோ."

"இது ஆரம்பம்தாம்மா…"

"இன்னா ஆரம்பம்? சாவுன்னா பொம்பளைங்க தெருமுனையோட நின்னுருவோம். சுடுகாட்டுக்கு ஆம்பளைங்கதான் போவாங்கோ. தெரியாதா ஒனக்கு?"

தெரியும். எங்கள் வீடுகளிலும் அதேதான். கூட்டத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை, அந்த அம்மாளுக்குக்கூட.

ஆடி மாதம் காலனியில் ஒரு பெரியவர் இறந்தார். கேட் திறந்தது. மேளமும் பூவுமாக ஆண்கள் உள்ளே நுழைந்து போனார்கள்; பெண்கள் கேட்டோடு நின்று அழுதார்கள். அவளும் நின்றாள், கம்பெனி யூனிஃபார்மில், தோளில் பையோடு. மதிய ஷிஃப்ட். வாட்ச்மேன் கேட்டை இழுத்தபோது அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாத்தே, நானும் இப்டியே போய்க்கறேன். வண்டி வந்துரும்."

வாட்ச்மேன், என்னோடு கேட்டருகே நின்றிருந்த செயலாளரைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் என் தோளில் கை வைத்தார். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க சார். இவ்வளவு கிடைச்சதே உங்க பேச்சாலதான்."

அவள் ஏரிக்கரைப் பக்கம் ஓடினாள். வண்டி கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் சொன்ன சொல் தவறாதவர்.

இப்போது அவள் செயலாளர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். காலையில் பின்பக்க கேட் அவளுக்காகத் திறக்கிறது. வாட்ச்மேன் இல்லாத நாளில் செயலாளரே சாவியோடு வந்து காத்து நிற்கிறார்.