பொட்டு வைத்த கீபோர்டு

மலைமேல் ஜமுனாமரத்தூரில் நான் டைப் அடித்த பிரவுசிங் சென்டரின் முதலாளி கீழே திருப்பத்தூர்க்காரர். பக்தி அதிகம். ஆயுத பூஜை அன்று மானிட்டருக்குப் பட்டை, சிபியூவுக்கு மாலை என்று ஆரம்பித்தவர், கீபோர்டிடம் வந்ததும் நிறுத்தத் தெரியாமல் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்தார். சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்திருந்தார். மேலே பொரி வேறு தூவினார். மலைக் கிராமங்களிலிருந்து அவர் கடைக்கு வந்த எந்த மனுஷனுக்கும் அவர் அவ்வளவு மரியாதை செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு மலைக் கிராமத்துப் பெண் வந்தாள். வனக்காவலர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அன்றுதான் கடைசி நாள். அவள் ஊரில் சிக்னல் கிடையாது. ஊருக்குப் போகிற கடைசி பஸ் ஐந்து மணிக்கு.

அவள் பெயரை அடித்தேன். அடித்த எழுத்தெல்லாம் தானாகவே அழிந்துகொண்டு வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி அழிந்தது.

"இன்னாண்ணா, என் பேரு அதுக்குப் புடிக்கலயா?" என்றாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "சர்வர் பிரச்சனை" என்றார். சர்வர் எங்கேயோ இருக்கிறது, நோட்பேடில் அடித்தாலும் அழிகிறதே என்று காட்டினேன். உடனே வைரஸ் என்றார். அதற்கும் நான் வாயைத் திறக்கவே, "இதெல்லாம் மலைக் குளிருப்பா. கீழ இருந்தா மெஷினுக்கு ஒண்ணும் ஆவாது" என்று முடித்தார்.

"குளிரு எங்கள ஒண்ணும் பண்ணல. உங்க பொட்டிய மட்டும் புடிச்சிக்கிச்சா?" என்றாள் அவள்.

எனக்குச் சந்தேகமே இல்லை. அழிக்கிற பட்டன் சந்தனத்தில் ஒட்டி, அமுங்கியபடியே நின்றது. நெம்பினேன், எழும்பவில்லை. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டலாம் என்று தூக்கினேன்.

"டேய், கவுக்காத! பூஜை போட்ட பொருளு!"

"தொடச்சிட்டு நேரா வெச்சிர்றேன் சார்."

"நீ படிச்சவன்னா சாமிக்கு மேலயா? நாளைக்கு டெக்னீசியன் வருவாரு. நாளைக்கு வாம்மா."

நாளைக்கு வந்து அவள் என்ன செய்வாள்? எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கடைசித் தேதி என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கீபோர்டைக் கவிழ்க்கத்தானே கூடாது? சிபியூவின் பின்னால் கையை விட்டு கீபோர்டு ஒயரைப் பிடுங்கினேன். அழிவது நின்றது. திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். அதை மவுஸால் திறந்து, பெயர், அப்பா பெயர், ஊர் என்று ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினேன். சந்தனமும் பொரியும் கலையாமல் கீபோர்டு பக்கத்தில் சாமியாக உட்கார்ந்திருந்தது.

"கோழி கொத்தற மாதிரி இன்னாடா அது?" என்று முதலாளி சிரித்தார்.

"கோழியாச்சும் வேல செய்யுது" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போட்டோ ஏறி, விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிரிண்டை வாங்கிக்கொண்டு ஓடினாள். "நம்ம சென்டருக்கு வந்தா வேல முடியாம போவாது" என்று முதலாளி அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் திருப்பத்தூரிலிருந்து டெக்னீசியன் வந்தார். வந்ததும் கீபோர்டைக் கவிழ்த்து மேஜையில் நாலு தட்டுத் தட்டினார். காய்ந்த சந்தனமும் நமுத்த பொரியும் கொட்டின. பட்டன் எழும்பிக்கொண்டது.

"பூஜை போட்டது சார்" என்றேன் முதலாளியிடம்.

"அவரு வேல தெரிஞ்சவருப்பா" என்றார். அதே கவிழ்ப்புதான். அவர் கீழேயிருந்து பஸ்ஸில் ஏறி வந்து கவிழ்த்தார், நான் இங்கேயே இருந்தேன். சாமிக்கு அந்த வித்தியாசம் போதும் போலிருக்கிறது.

சில வாரம் கழித்து ஹால் டிக்கெட் எடுக்க அவள் வந்தாள். கூடவே இன்னொரு விண்ணப்பத்துக்காக இரண்டு சிநேகிதிகள். உட்காரும்போதே உரக்கச் சொன்னாள்:

"அண்ணா, அந்தச் சாமிய ஓரமா வைங்க. கோழியாலயே அடிங்க."

முதலாளி காதில் விழாதவர்போல் போனை எடுத்து, சர்வர் சரியில்லை என்று யாரிடமோ சொல்ல ஆரம்பித்தார்.