தேவசேனாவின் ஞாயிற்றுக்கிழமை

ஆந்திர எல்லையில் இருக்கும் நெசவு ஊரான நகரியில் பாலே நடனம் ஆடும் ஒரே மருமகள் தேவசேனாதான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் வந்து பார்க்கிறேன்.

வயது முப்பத்தாறு. மாமனார் வேதாச்சலத்தின் ஆறு பவர்லூம் தறிகளில் இரண்டைக் கவனிப்பவள். நாள் முழுக்க நின்றபடியே வேலை. மூன்று வருஷத்துக்கு முன் இடுப்பு வலி அவளைப் படுக்கையில் தள்ளியது. கொஞ்சம் எழுந்து நடமாடியதும், மகள் மோனிகாவைத் திருப்பதியில் ஒரு பாலே வகுப்பில் சேர்க்கப் போனாள். தானும் சேர்ந்துவிட்டுத் திரும்பினாள். சொல்லித்தரும் ப்ரியம்வதா அவள் வயதைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நிற்கச் சொன்னார், அவ்வளவுதான். மோனிகாவுக்கு இரண்டே மாதத்தில் அலுத்துவிட்டது. அம்மா இன்னும் ஞாயிறுதோறும் ரயில் ஏறுகிறாள். வலி போன இடம் தெரியவில்லை. கூன் போட்டு நடந்த பெண்ணா இவள் என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

அவளுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. தெரு நாய், பூனை, சிறகொடிந்த காக்கை எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர்கள். அவற்றோடு பழகித்தான் தனக்குப் பொறுமையே வந்தது என்பாள்.

வேதாச்சலம் இரண்டாவது பைத்தியத்தைப் பொறுத்துக்கொண்டார். முதலாவதுதான் அவருக்கு ஆகவில்லை. போன வெள்ளிக்கிழமை தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"ஊரே சிரிச்சிக்கினு கீது. இனிமே ஞாயித்துக்கெழம திருப்பதி போற வேலையெல்லாம் வேணாம்மா."

தேவசேனா உள்ளே கொதித்தாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுடையது.

மறுநாள் காலை கரண்ட் போய்த் தறிகள் நின்றன. எங்கிருந்தோ வந்த பூனைக்குட்டி ஒன்று, அன்றுதான் தறியில் ஏற்றிய புதுப் பாவின் மேல் ஏறியது. நீளவாக்கில் விரித்துக் கட்டிய அந்தப் பாவு இழைகளில் நகம் மாட்டிக்கொள்ள, கத்தத் தொடங்கியது. அது துள்ளினால் நூற்றுக்கணக்கான இழைகள் அறும். ஒவ்வொன்றாகப் பிணைக்க இரண்டு நாளாவது ஆகும்.

தறிக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. இரைச்சலிலேயே வாழ்ந்தவர்கள், தறி நின்றாலும் கத்தித்தான் பேசுவார்கள். "புடி, புடி!" என்று மாமனாரும், "கொம்பு எங்க கீது?" என்று கணவன் வெங்கட்டும் அலறினார்கள். குட்டி மிரண்டு உதறியதில் நாலைந்து இழைகள் அறுந்தன.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க!"

மருமகள் அந்த வீட்டில் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. இருவரும் மூடினார்கள்.

கரண்ட் திரும்பினால் தறி ஓடிவிடக் கூடாதென்று, மெயினை அணைக்கும்படி வெங்கட்டுக்குச் சைகை காட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் தறியின் சட்டத்தைப் பிடித்தாள். நுனிக்காலில் எழும்பி, மற்ற காலைப் பின்னால் நீட்டி, பாவில் உடம்பு படாமல் அதன் மேலே சாய்ந்தாள். இன்னொரு கை குட்டியின் மூக்கருகே போய் நின்றது. அது மோந்து பார்க்கும்வரை காத்திருந்தாள். கால் நடுங்கவில்லை. குட்டி அடங்கியதும் நகங்களை ஒவ்வொன்றாக விரலால் விடுவித்து, பிடரியைப் பற்றித் தூக்கினாள்.

வேதாச்சலம் குனிந்து பாவைத் தடவிப் பார்த்தார்.

"பாவக் காப்பாத்திட்டம்மா. சரி, அதுக்காவ நாளைக்குப் போய்ட்டு வா."

"அதுக்காவ இல்ல மாமா," என்றாள் தேவசேனா. "பாவு மொத்தமா அறுந்து போயிருந்தாலும், நாளைக்கு நான் போய்த்தான் இருப்பேன்."